தவிசாளர் மணி அடிப்பதற்கு முன்

உள்ளூராட்சி சபைக் கூட்டம் காலை ஒன்பதரைக்கு என்றால் ஒன்பதேகாலுக்கே மண்டபத்தில் ஓட்டம் தொடங்கிவிடும். குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டாயிற்றா, பிக்குவின் கதிரைக்கு விரிக்கிற வெள்ளைத் துணி எங்கே, கிராஅத் (குர்ஆன் வசனம்) ஓத யாரைக் கேட்டது, தேவாரம் பாடுகிற பிள்ளை இன்று லீவாமே. எல்லாம் சேர்ந்து நாலைந்து நிமிடத்துக்கு மேல் போகாத இறைவணக்கம். ஆனாலும் குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்கு டயர் வாங்கும் பிரேரணையில் வராத மனக்கசப்பு இந்த நாலைந்து நிமிடத்தில் வந்துவிடும். டயர் பிடிக்கவில்லை என்றால் எதிர்த்து வாக்களித்துவிட்டுப் போகலாம். இதில் எதிர்ப்பதற்கு ஒரு வழியும் இல்லை. எழும்பாமல் இருந்தால் மண்டபத்தில் ஒரு பேச்சு, எழும்பினால் ஊரில் ஒரு பேச்சு.

இறைவணக்கம் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்கு இந்தப் பதிவு இல்லை. இலங்கையில் நமது உள்ளூராட்சி சபைகளில் ஏதோ ஒரு வடிவில் அது நடக்கும், நடந்துகொண்டே இருக்கும். நடத்துவதானால் எப்படி நடத்துவது, எந்த இடத்தில் பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்ய வேண்டும். திருகோணமலையில் ஒருவர் "சிறுபான்மை மதம்" என்று சொன்னால், "எந்தச் சபையில்?" என்று திருப்பிக் கேளுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 40 வீதம், தமிழர் 30ஐக் கொஞ்சம் தாண்டி, சிங்களவர் சுமார் 27. மாவட்டக் கணக்கில் ஒருவருக்கும் பாதி இல்லை. சபைவாரியாகப் பிரித்தால் கதை வேறு. கிண்ணியாப் பாலம் தாண்டினால் முஸ்லிம்கள் பெரும்பான்மை. அதே ஏ15 வீதியில் மூதூரைக் கடந்து வெருகலுக்குப் போனால் தமிழ் இந்துக்கள். இடையில் உள்ளே திரும்பினால் சேருவில, அங்கே சிங்கள பௌத்தர்கள். வடமேற்கே கோமரங்கடவல, பதவிசிறிபுர பக்கமும் அப்படியே. குச்சவெளி, மூதூர், தம்பலகாமம் எல்லாம் கலந்த சபைகள். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே சபைக்காரர் எங்கே போனாலும் சிறு தொகைதான். மூதூர், வெருகல் பக்கத்தில் தங்களை ஆதிவாசிகள் என்று சொல்லும் குடும்பங்களின் வழிபாட்டுக்கு எந்த மேடையிலும் கதிரை போட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே ஒரு சபையில் "இங்கே பெரும்பான்மையின் வழமை இதுதான்" என்று மேசையில் தட்டிப் பேசுகிறவர், அரை மணி நேரப் பயணத்தில் இன்னொரு சபைக்குப் போனால் அதே வாதத்தால் வாயடைத்து நிற்பார். நடைமுறை எழுத உட்காரும்போது இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள்: இதே விதியைப் பக்கத்துச் சபையில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது ஏற்றுக்கொள்வீர்களா? இல்லையென்றால் அந்த விதியைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே வாக்கியத்திலேயே 10ஆம், 14(1)(உ) உறுப்புரைகளின் உரிமைகளை மற்ற மதங்களுக்கும் உறுதிசெய்கிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம். 15ஆம் உறுப்புரை பல உரிமைகளுக்கு மட்டுப்பாடு விதிக்க இடம் கொடுத்தாலும் 10ஐத் தொடவில்லை. 14(1)(உ) மதத்தை வெளிப்படையாக அனுசரிக்கும் உரிமை. அதற்கு மட்டுப்பாடு வரலாம். 12(2) மதத்தைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்கிறது. மேடையில் பிக்கு முதல், பிறகு இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் என்று வரும் வரிசை அரச விழாக்களின் வழமை. சபை மண்டபத்தில் ஓர் உறுப்பினரை எழுப்பி நிறுத்துகிற அதிகாரம் அந்த வரிசையில் இருந்து பிறப்பதில்லை. ஒரு கூட்டத்தைச் செல்லுபடியாக்குவது அறிவித்தல், கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் தொகை), தலைமை ஆகிய மூன்றும்தான். விளக்கு அணைந்துவிட்டது என்று எந்தத் தீர்மானமும் செல்லாமல் போகாது.

வெளிநாடுகளில் இந்த விவகாரம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மூன்று வழக்குகள் நமக்கு உதவும். சட்டமாக அல்ல, எங்கே இடறி விழுவார்கள் என்று காட்டும் பாடமாக.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாகனே என்றொரு நகரம். அங்கே நகர முதல்வர் தானே சிலுவை அடையாளம் போட்டு, ஒலிவாங்கியில் ஜெபம் சொல்லிக் கூட்டத்தைத் தொடங்குவார். ஆட்சேபம் வந்த பிறகு 2008இல் ஒரு துணைவிதி கொண்டுவந்தார்கள்: ஜெபம் முடிந்து இரண்டு நிமிடம் விட்டுத்தான் கூட்டம் ஆரம்பமாகும், விரும்பாதவர் வெளியே நின்றுவிட்டு அந்த இடைவெளியில் உள்ளே வரலாம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2015 ஏப்ரல் 15இல் அதை ஏற்கவில்லை. வெளியே போய் நின்று திரும்பி வருகிற ஆள் தன் நம்பிக்கை என்ன, நம்பிக்கையின்மை என்ன என்பதை எல்லோர் முன்னாலும் அறிவித்தவர் ஆகிவிடுகிறார். அதுவே ஒதுக்கல்தான் என்றது. 30,000 டொலர் நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. "விருப்பமில்லாவிட்டால் கொஞ்ச நேரம் வெளியில நில்லுங்கோ" என்று நமது மண்டபங்களில் அன்பாகச் சொல்லும் ஆலோசனையும் இதே வகைதான். சொல்பவர் நல்ல மனிதராக இருக்கலாம். வெளியே நிற்பவருக்கு அது வெளியேதான்.

அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் கிரீஸ் நகரம் 1999 முதல் மதகுருமாரை அழைத்துப் பிரார்த்தனை வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 மே 5இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகரம் வென்றது. தீர்ப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே நடந்த அலுவலகக் கோளாறு. 2007 வரை வந்தவர்கள் அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள். யாரும் கூடிச் சதி செய்யவில்லை. ஊழியர் ஒருவர் நகர எல்லைக்குள் இருக்கும் வழிபாட்டிடங்களின் பட்டியலை வைத்து அழைத்தார்; யூத ஆலயங்கள் எல்லைக்கு வெளியே இருந்தன. பட்டியல் எப்படியோ ஒலிவாங்கியும் அப்படி. நமது சபை எழுதுவினைஞர் "வட்டாரத்தில் உள்ள கோயில், பள்ளிவாசல்" என்று பட்டியல் எடுத்தாலும் இதுதான் நடக்கும். பக்கத்துச் சபை எல்லையில் தேவாலயத்தை வைத்துக்கொண்டு இந்த எல்லைக்குள் குடியிருக்கும் இருபது குடும்பம் பட்டியலில் இருக்காது.

மூன்றாவது இங்கிலாந்தின் பிடிஃபர்ட் நகர சபை. 2012 பெப்ரவரியில் சபைக்கு எதிராக வந்த தீர்ப்பு மத உரிமையைப் பற்றியதே அல்ல. உறுப்பினர்களை அழைப்பாணை அனுப்பிக் கூட்டுகிற முறையான கூட்டத்துக்குள் பிரார்த்தனையை நிகழ்ச்சி நிரலாக வைக்க, அந்தச் சபை காட்டிய 1972ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்பதுதான் காரணம். கூட்டம் தொடங்குவதற்கு முன் வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. பிறகு 2015இல் தனிச் சட்டமே கொண்டுவந்து அங்குள்ள சபைகளுக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டு கேள்விதான் மிஞ்சும். தவிசாளர் மணி அடிப்பதற்கு முன்னா, பின்னா? எழும்பச் சொல்வது யார்? நிகழ்ச்சி நிரலில் "1. இறைவணக்கம், 2. கூட்டறிக்கை உறுதிப்படுத்தல்" என்று அச்சடித்து அனுப்பினால் இறைவணக்கம் சபையின் அலுவலாகிவிடுகிறது. வராதவர், எழும்பாதவர் எல்லோரும் அலுவலில் கலந்துகொள்ளாதவர் ஆகிறார். நிரலில் இலக்கம் 1 கூட்டறிக்கையாகவே இருக்கட்டும். கூட்டம் ஒன்பதரைக்கு என்றால் ஒன்பது இருபத்தைந்துக்கு, மணி அடிக்காமல், இலக்கம் இல்லாமல், மற்றது நடக்கட்டும். சாகனேயில் இரண்டு நிமிட இடைவெளி உதவவில்லையே என்று கேட்கலாம். அங்கே ஜெபம் சொன்னவர் தலைமைக் கதிரையில் இருந்த முதல்வர், சொன்னது ஒரு மதத்தின் ஜெபம். நேரத்தை மட்டும் நகர்த்தி மற்றதை எல்லாம் அப்படியே வைத்தால் ஒன்றும் மாறாது.

இனி என் தெரிவைச் சொல்கிறேன்: மௌனம். பல சபைகளில் "மௌன இறைவணக்கம்" ஏற்கெனவே இருக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அரைகுறையாகச் செய்யப்படும் ஏற்பாடு.

மௌனத்துக்குக் கால அளவு வேண்டும். அறிவிக்காத மௌனத்தில் இருபதாவது விநாடியிலேயே பின் வரிசையில் கதிரை இழுபடும். முன் வரிசையில் ஒருவர் இன்னும் கண் மூடியிருப்பார். அறுபது விநாடி போதும். முப்பது என்றால் துஆவுக்கு ஏந்திய கை முகத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடும். இரண்டு நிமிடம் என்றால் ஆட்கள் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். நேரத்தைப் பார்ப்பது செயலாளரின் வேலை, தவிசாளருடையது அல்ல. தவிசாளரும் அந்த நேரத்தில் தனக்கு உரியதைச் செய்யட்டும். தொடக்கமும் முடிவும் சொல்லால் வேண்டும். முடிவுக்கு "ஓம் சாந்தி", "ஆமீன்", "சாது சாது" எதுவும் வேண்டாம். "நன்றி, அமருங்கள்" போதும். மேசை மணியை இதற்கு அடிக்க வேண்டாம், அது கூட்டத்தின் மணி.

ஒலிவாங்கியை நிறுத்துங்கள். பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான். தவிசாளர் மனத்துக்குள் சொல்வதாக நினைத்து முணுமுணுக்கும் மந்திரமோ வசனமோ, திறந்திருக்கும் ஒலிவாங்கி வழியாக மண்டபம் முழுக்கக் கேட்கும். அது மௌனம் அல்ல, ஒரு மதத்தின் பிரார்த்தனையும் மற்றவர்களின் வாய்மூடலும்.

அடுத்தது கமரா. இப்போது கூட்டத்தை முகநூலில் நேரலையாக விடும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மௌன நேரத்தில் கமரா முகங்களின் மேல் ஓடினால் இருந்தவர் யார், கும்பிடாதவர் யார் என்று மாலைக்குள் ஊர் முழுக்கத் துண்டுக் காட்சி சுற்றும். முழங்கால் வலியில் எழும்பாதவருக்கும் அதே கதிதான். நேரலை மணி அடித்த பிறகு தொடங்கட்டும் என்று ஒரு வரி நடைமுறையில் எழுதிவிடுங்கள்.

"எல்லோரும் எழுந்து நில்லுங்கள்" என்பதற்கும் "விரும்பியவர்கள் எழுந்து நிற்கலாம்" என்பதற்கும் இடையில்தான் முழு விவகாரமும் இருக்கிறது. முதலாவது தவிசாளரின் கட்டளை. இரண்டாவதைச் சொன்னாலும் எல்லோரும் எழும்புவார்கள், ஆனால் எழும்பாதவருக்கு ஒரு கதவு திறந்திருக்கும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பொருளில் சொல்லப்படுகிறதா என்று பாருங்கள். அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் ஒரு மொழியில் வேண்டுகோளாகவும் மற்றதில் கட்டளையாகவும் சொல்லிவிடுவார். இரண்டு மொழியிலும் எழுதிய அட்டை ஒன்று மேசையில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இறந்துபோன முன்னாள் உறுப்பினருக்கான மௌன அஞ்சலியை இதனோடு சேர்க்கவே கூடாது. இரண்டும் மௌனம்தானே, நேரம் மிச்சம் என்று சேர்த்தால், இறைவணக்கத்துக்கு எழும்பாதவர் இறந்தவரை அவமதித்தவர் ஆகிவிடுவார். அஞ்சலியை மணி அடித்த பிறகு, அனுதாபப் பிரேரணையோடு வையுங்கள்.

வாய்விட்டுச் சொல்லும் பிரார்த்தனைதான் வேண்டும் என்று சபை முடிவெடுத்தால், உடம்பைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒருவரும் இதை யோசிப்பதில்லை. தேவாரத்துக்கு எழும்பி நிற்பது மரியாதை. கிராஅத்துக்கு அமர்ந்து, பேசாமல் செவிமடுப்பது மரியாதை. பன்சிலுக்கு (பௌத்தரின் பஞ்சசீலம்) செருப்பைக் கழற்றிக் கை கூப்புவார்கள். ஜெபத்துக்கு எழும்பித் தலை குனிவார்கள். பிக்கு எதற்கும் எழும்பவும் மாட்டார், இல்லறத்தாரை வணங்கவும் மாட்டார். நாலையும் அடுத்தடுத்து வைத்தால் நான்கு நிமிடத்தில் எழும்பு, இரு, எழும்பு, கழற்று என்று உடற்பயிற்சி வகுப்பாகிவிடும். நடுவில் குழம்பி நின்றுகொண்டே இருப்பவரையும், மற்றவர் கிராஅத்துக்கு இருப்பதைப் பார்த்து "எங்கட தேவாரத்துக்கு மட்டும் எழும்பினீங்கள், அதுக்கு இருக்கிறீங்கள்" என்று தப்பாக எடுப்பவரையும் எங்கும் காணலாம். அறிவிப்பாளர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வரி சொன்னால் போதும்: "அடுத்து கிராஅத், அமர்ந்திருந்து செவிமடுப்போம்."

நீளம் இன்னொன்று. குர்ஆனின் முதல் அத்தியாயமான ஸூரதுல் ஃபாத்திஹா ஏழு வசனம், நிதானமாக ஓதினால் ஒரு நிமிடத்துக்குள். நான்கடித் தேவாரம் ஒன்று, பண்ணோடு இழுத்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கிறிஸ்தவர்களின் பரலோக மந்திரம் அதிலும் குறைவு. பன்சில் சரணங்களோடு சேர்ந்து இரண்டு நிமிடம் எடுக்கலாம். சொந்தமாகச் சொல்லும் ஜெபத்துக்கும் ஆசியுரைக்கும்தான் கரை இல்லை. அங்கேதான் பாதை அபிவிருத்தி, போதைப்பொருள், சில வேளைகளில் "தவறான வழியில் போகிறவர்கள்" எல்லாம் உள்ளே வரும். எழுதப்பட்ட, நெடுங்காலமாக ஓதப்படும் வரிகள் மட்டும், 90 விநாடி, பிரசங்கம் இல்லை என்று அழைப்புக் கடிதத்திலேயே போடுங்கள். வந்தபின் சொன்னால் மதகுருவை அவமதித்ததாகும்.

ஓதுவதற்கும் பாடுவதற்கும் உத்தியோகத்தரைப் பிடிக்க வேண்டாம். குரல் நன்றாக இருக்கிறது என்று முகாமைத்துவ உதவியாளர் பிள்ளையிடம் மாதாமாதம் "நீங்க ஒரு தேவாரம் பாடுங்கோ" என்பது பார்வைக்குச் சின்ன விஷயம். உறுப்பினர் மறுத்தால் அரசியல். உத்தியோகத்தர் மறுத்தால் இடமாற்றப் பயம். அந்தப் பிள்ளை போன வருடம் ஞானஸ்நானம் எடுத்திருக்கலாம். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள், சொல்ல வேண்டியதும் இல்லை.

சுழற்சி முறை வைப்பவர்கள் முதலில் கணக்குப் போடுங்கள். உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரிப்பது நீதி போலத் தோன்றும். பதினாறு பேர் உள்ள ஒரு சபையில் ஒன்பது, நான்கு, இரண்டு, ஒன்று என்று நான்கு மதத்தவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதாந்தக் கூட்டம். பங்கு 6.75, 3, 1.5, 0.75. முழு எண்ணாக்கினால் 7, 3, 2, 1, கூட்டினால் பதின்மூன்று. ஒன்றைக் கழிக்க வேண்டும். யாருடையதைக் கழிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுக்குக் கிடைத்த அந்த ஒரு மாதமும் கோரம் இல்லாமல் கூட்டம் தள்ளிப்போன மாதமாக இருந்துவிட்டால் அடுத்த முறை ஒரு வருடம் கழித்துத்தான். சமமாகப் பிரியுங்கள்: நான்கு மதத்துக்கு இரண்டிரண்டு மாதம், மிகுதி நான்கு மாதம் மௌனம். எந்த மாதம் யாருக்கு என்பதை ஆண்டின் முதல் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கி எடுங்கள். கூட்டம் தள்ளிப்போனால் முறையும் அதனோடேயே தள்ளிப்போகும் என்று எழுதுங்கள். வரவேண்டியவர் வராவிட்டால் அன்று மௌனம். "அப்ப எங்கட ஐயர் இருக்கிறார்தானே" என்று கடைசி நிமிடத்தில் நிரப்பக் கூடாது, நிரப்பினால் சுழற்சி மூன்று மாதத்தில் ஒரு கோயிலுக்குப் போய்ச் சேரும். கிறிஸ்தவம் என்று ஒரு கட்டம் போட்டுக் கத்தோலிக்கப் பாதரை மட்டும் அழைப்பதும் அதே ஓட்டைதான். மெதடிஸ்தப் போதகர், பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஆகியோர் அந்தக் கட்டத்துக்குள் வேறு வேறு ஆட்கள்.

இனி விளக்கு. சமயப் பிடிவாதமும் கலாசாரப் பெருமையும் இந்தப் பித்தளைத் தண்டில் வந்து சேரும். அரச விழாக்களில் பெரும்பாலும் காண்பது உச்சியில் சேவல் உள்ள விளக்கு. கிறிஸ்தவ நிறுவனங்களில் சேவல் இருக்கும் இடத்தில் சிலுவை இருக்கும். சபை புதிதாக வாங்குவதானால் உச்சியில் உருவம் எதுவும் இல்லாததைப் பார்த்து வாங்குங்கள், ஒரு சண்டை மிச்சம். ஐந்து முகம் என்பது நமக்கு ஒரு வசதி: நான்கு மதகுருமார், ஒரு தவிசாளர். ஆனால் முஸ்லிம் உறுப்பினர்களில் ஒருவர் வந்து ஏற்றுவார், இன்னொருவர் ஒதுங்கி நிற்பார். சில சுவிசேஷ சபைக் கிறிஸ்தவரும் அப்படியே. இருவரில் யார் சரியான முஸ்லிம், யார் சரியான கிறிஸ்தவர் என்று தீர்ப்பது சபையின் வேலை அல்ல. பெயரை ஒலிவாங்கியில் கூப்பிடுவதற்கு முன்னால், முதல் நாளே, தனியாக ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடுங்கள். கூப்பிட்ட பிறகு மறுப்பது அவருக்கும் கஷ்டம், கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் கஷ்டம்.

விளக்கின் இயந்திர விஷயமும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது யன்னல் திறந்த மண்டபத்தில் ஐந்து சுடரும் நிற்காது. ஏற்றுவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் மின்விசிறிகளை நிறுத்தி, காற்று வரும் பக்க யன்னலைச் சாத்துங்கள். திரியை முன்கூட்டியே எண்ணெயில் ஊறவைத்து நுனியில் சிறு கற்பூரத் துண்டு வைத்தால் உடனே பற்றும். காய்ந்த திரி கரிந்து புகைதான் வரும். ஒரு மதகுருவின் கையில் மட்டும் சுடர் பற்றாமல் போனால் அதற்கும் பொருள் கண்டுபிடிக்கிற ஆட்கள் மண்டபத்தில் இருப்பார்கள்.

வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் வைத்து வரவேற்பது நமது பழக்கம். தட்டு மேசையில் இருக்கட்டும், விரும்பியவர் தொட்டுக்கொள்ளட்டும். நெற்றியில் பூசிவிடுவது வேண்டாம். கோயில் பிரசாதத்தைக் கூட்டச் சிற்றுண்டியோடு கலந்து வைத்தால் எது எது என்று தெரியாமல் சிலர் ஒன்றையுமே தொடமாட்டார்கள். பிக்குமார் நண்பகலுக்குப் பின் உணவு எடுப்பதில்லை. கூட்டம் நீண்டால் பால் சேர்க்காத தேநீரே போதும். எண்ணெய், பூமாலை, சிற்றுண்டிக்கான வவுச்சர்களை எந்தச் செலவுத் தலைப்பில் போடுகிறீர்கள் என்பதைக் கணக்காய்வு கேட்கும் முன் நீங்களே தீர்மானியுங்கள். ஒரு மதத்துக்கு வவுச்சர் இருந்து மற்றதற்கு இல்லையென்றால் அந்தக் கோப்பே சாட்சி.

கூட்டத்துக்கு நாள் குறிப்பதும் மத விவகாரம்தான், ஆனால் பலர் அதை அப்படிப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள். பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம், பன்னிரண்டுக்குப் பின் ஜும்ஆத் தொழுகை. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. மற்ற நாட்களில் லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் இந்த மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 11.50க்கும் 12.20க்கும் இடையில் வரும். 12.15க்கு இருபது நிமிட இடைவேளை என்று நிரலிலேயே போட்டால், முக்கியமான வாக்கெடுப்பு நடக்கும்போது நான்கு பேர் தொழுகையில் இருந்தார்கள் என்ற முறைப்பாடு வராது. ரமழானில் பிற்பகல் கூட்டம் வேண்டாம். சனிக்கிழமை விசேட கூட்டம் வைத்தால் ஓய்வுநாள் சபைக்காரர் இருக்கிறாரா என்று பாருங்கள். பாதீட்டுக் கூட்டம் டிசம்பரில் வருவதால் நத்தாருக்கு முதல் நாள் வரை இழுக்காதீர்கள். மௌனத்துக்கு அறுபது விநாடி கொடுத்துவிட்டு, தொழுகைக்கு நேரம் கொடுக்காத சபையின் இறைவணக்கத்தை யார் நம்புவார்?

பதவியேற்பில் சிக்கல் குறைவு. "சத்தியம் செய்கிறேன்" என்பதும் "உறுதி செய்கிறேன்" என்பதும் இரண்டுமே செல்லும். இரண்டு படிவத்தையும் அச்சிட்டு வையுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

ஒதுக்கப்பட்டதாக உணரும் உறுப்பினர் என்ன செய்யலாம்? முதலில் செயலாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம், திகதி முத்திரையோடு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். நடைமுறை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருக்காது, அதுவே உங்கள் முதல் வாதம். பழைய கூட்டறிக்கைகள் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிறகு நடைமுறை ஒன்றை எழுதும்படி பிரேரணை கொடுங்கள், "இறைவணக்கத்தை நிறுத்து" என்று அல்ல. நிறுத்தச் சொன்னால் வாக்கெடுப்பில் தோற்பது மட்டுமல்ல, அடுத்த தேர்தல் வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். அடிப்படை உரிமை வழக்கு என்றால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. பேசித் தீர்ப்போம் என்று இரண்டு மாதம் காத்திருந்துவிட்டுச் சட்டத்தரணியிடம் போகிறவர்கள்தான் அதிகம்.

கடைசியாக, மேசையில் வைக்கும் அட்டைக்கு ஒரு மாதிரி. தேவைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"கௌரவ உறுப்பினர்களே, கூட்டம் ஒன்பதரைக்கு ஆரம்பமாகும். அதற்கு முன் ஒரு நிமிட மௌனம். விரும்பியவர்கள் எழுந்து நிற்கலாம், அமர்ந்தும் இருக்கலாம். அவரவர் முறைப்படி பிரார்த்திக்கலாம், பிரார்த்திக்காமலும் இருக்கலாம். ஒலிவாங்கிகளையும் தொலைபேசிகளையும் நிறுத்திக்கொள்ளுங்கள்."

தொலைபேசி வரியை விட்டுவிடாதீர்கள். பாங்கு சொல்லும் செயலியும் சுப்ரபாத அழைப்பொலியும் அந்த அறுபது விநாடிக்குள்தான் ஒலிக்கும்.

கூட்டறிக்கையின் முதல் வரி "தவிசாளர் தலைமையில் மு.ப. 9.30க்குக் கூட்டம் ஆரம்பமானது" என்பதாக இருக்கட்டும். மௌனம் அதில் வேண்டாம். யார் எழும்பினார், யார் இருந்தார், யார் ஒன்பது இருபத்தேழுக்கு உள்ளே வந்தார் என்பதும் வேண்டாம். வரவுப் பதிவேட்டில் கையெழுத்து மௌனம் முடிந்த பிறகு போகட்டும். யன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, டயர் பிரேரணைக்கு வாருங்கள்.